செத்தவீட்டுக்கு ஒரு வீடு

கனகாம்பிகை அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதும், அவரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்தது. அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். பிறத்தியார் உடலைத் தன் வீட்டுக்குள் ஏற்றமாட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடலைக்குக் கொண்டுபோனால் நாதியற்ற பிணம் என்று ஊர் கதைக்கும்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரா வீடில்லாத மனுசி?

பண்டத்தரிப்பில் நான் நூலகராக இருக்கும் பிரதேச சபை வாசிகசாலை, அவர் பிறந்த வீடுதான். தகப்பன் கனகசபாபதி நடுமுற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீடு. அக்கா பெரியபிள்ளையான சாமத்திய வீடும் கலியாண வீடும் அங்கேதான் நடந்தன. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையில் ஓடில்லை, நிலைகளில் கதவில்லை. புருசனையும் பிள்ளையையும் சண்டை கொண்டுபோயிருந்தது. "நான் ஒருத்தி இதுக்குள்ளை என்ன செய்ய? பிள்ளையள் வந்து படிக்கட்டும்" என்று சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சபை கூரை போட்டு வெள்ளையடித்தது. திறப்பு விழாவில் அவரை மூன்றாம் வரிசையில் இருத்தியது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சபைத் தவிசாளர் அருட்செல்வனுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, அக்காவை வாசிகசாலையிலை கிடத்தப்போறம்."

"குணலட்சுமி, உமக்கென்ன விசரே? அது சபைக் கட்டிடம். அதுக்குள்ளை ஆரும் செத்தவீடு வைக்கிறதே? துடக்கு, தீட்டெண்டு பிறகு சனம் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காது."

"செத்தவீடு வைக்க அவவுக்கு வேறை வீடில்லை, ஐயா."

"நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"நான் கேக்கேல்லை. சொல்லுறன்."

போனை வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம். பேப்பர் வாசிக்க வருகிற கிழவர்களே ஒழுங்கை முழுக்கச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டினார்கள். அக்காவை நடுக்கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினோம். 'அமைதி பேணவும்' என்ற பலகைக்குக் கீழே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நானும் வாய்விட்டு அழுதேன்.

பின்னேரம் தவிசாளரின் வாகனம் படலையில் வந்து நின்றது. சண்டைக்கு ஆயத்தமாக எழுந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்காவின் கால்மாட்டில் கைகூப்பி வெகுநேரம் நின்றார்.

மற்ற நாட்களில் வாசிகசாலைக்கு வந்தால், "அப்ப போட்டு வாறன், பிள்ளை" என்று சொல்லாமல் அவர் படலை தாண்டமாட்டார். அன்று என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு, செத்தவீட்டிலிருந்து எல்லாரும் போவதுபோல, சொல்லாமலே போனார்.