அக்கா பேசாத நாள்

பத்து நாள் சோதனை ஓட்டத்தின் கடைசி நாளன்று காலையிலிருந்து பச்சை விளக்கு அணையவே இல்லை. பின் இருக்கையில் இருந்த இன்ஜினியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தானே ஓடும் வண்டி அது. பாதை சிக்கலானால் ஸ்டீயரிங்கை முன்னால் இருக்கும் ஓட்டுநர் அக்காவிடம் ஒப்படைக்கும். அதற்கு முன் கேமராவில் அவள் முகத்தைப் பார்க்கும், குரலைக் கேட்கும். அமைதி என்றால் பச்சை, பதற்றம் என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் கொடுக்காமல் ஓரமாக நின்றுவிடும். இதுவரை ஒன்பது நாளும் சிவப்புதான். இருபது வருடம் பஸ் ஓட்டிய வாய் அது. எதிரே வருபவன், குறுக்கே புகுபவன், ஒருத்தனையும் விடாமல் வைதுகொண்டேதான் ஓட்டுவாள். இருபது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. இன்றும் சிவப்பு வந்தால் நாளை அந்த இருக்கையில் வேறு ஆள்.

இன்று அவள் வாயே திறக்கவில்லை.

காலையில் தங்கை ஃபோன் செய்திருந்தாள். அம்மாவை நேற்றே முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்றாம். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி இவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவள் கத்தினால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் கணவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுவார்.

முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் ஓரமாகப் பள்ளிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கை எடுத்துக்கொள்ளச் சொன்னது வண்டி. பிள்ளைகள் அவள் கண்ணில் பட்டார்கள், மனதில் பதியவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."

இன்ஜினியர் பொத்தானை அழுத்த, வண்டி ஒதுங்கி நின்றது.

"பச்சை காட்டுதே அக்கா. எடுத்திருந்தா இன்னையோட டெஸ்ட் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சுதான் போயிருக்கும். ஒருத்தனைத் திட்டுறேன்னா அவனைப் பார்த்துட்டேன்னு அர்த்தம் சார். இன்னைக்கு ஒருத்தரையும் பார்க்கல." பிறகு தங்கை விஷயத்தைச் சொன்னாள்.

ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் குரல்களை உட்கார்ந்து கேட்டு, திட்டியதற்கெல்லாம் 'பதற்றம்' என்றும், சும்மா இருந்ததற்கெல்லாம் 'அமைதி' என்றும் பெயர் போட்டு வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவன் வளர்ந்த வீட்டில் குரல் உயர்ந்தால் சண்டை என்று பொருள். எல்லார் வீடும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான்.

அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பச்சையில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள்.

"விளக்குதான் தப்பு சார், ஓட்டுனவங்க சரி" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, முகம் சுருங்கியது. இருந்தும் அதையே இன்னொரு தரம் சொன்னான்.

இருக்கை போனாலும் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. எடுக்காமல் விட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன் சார்."

"இங்கேயே பேசுங்க அக்கா." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "வண்டி மைக் ஓடட்டுமா? அதுவும் கேட்டுக் கத்துக்கட்டும்."

அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "ஓடட்டும்."

ஃபோன் மணி மூன்று முறை அடித்தது. மறுமுனையில் "அக்கா?" என்று மெல்லக் கேட்டது. அவள் தொண்டையைச் செருமி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.