டைம்கீப்பர் போட்ட கணக்கு

பேருந்து நிலையத்து டைம்கீப்பருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'. தாமதமாக வருபவனை மட்டுமல்ல, முன்கூட்டியே வந்து நிற்பவனையும் அவர் விடமாட்டார். "சீக்கிரம் வந்தாலும் தப்புதான். வழியில ஜனங்கள விட்டுட்டுத்தானே வந்திருக்க?" என்று மெமோவை நீட்டுவார். சொந்தக்காரன் என்றும் பார்ப்பதில்லை. போன வாரம் அவர் மச்சினனே பத்து நிமிடம் முன்னால் வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

அப்பேர்ப்பட்டவர் இன்று தன் அறைக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரே மகள் வெளிநாட்டு வேலைக்காக முதல்முறை விமானம் ஏறியிருந்தாள். காலை எட்டுக்குப் புறப்பாடு, மதியம் ஒன்றுக்கு அங்கே இறங்குவது என்று டிக்கெட்டில் பார்த்ததுமே, "அஞ்சே மணி நேரம். ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும்" என்று மனைவியிடம் அடித்துச் சொன்னவர் அவர். மகள் ஏதோ விளக்க வந்தாள். "நேரத்தப் பத்தி எனக்கே பாடமா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது மணி மூன்றரை. மகளின் போன் அணைந்தே கிடந்தது. மனைவியோ விடாமல் அழைத்தாள். "நீங்கதானே அஞ்சு மணி நேரம்னீங்க? என் பொண்ணு எங்கங்க?" போக வேண்டாம் என்று அழுத மனைவியைச் சமாதானப்படுத்தி மகளை அனுப்பி வைத்தவரும் அவரேதான். வண்டிகள் வந்தன, போயின. எதற்கு எந்த நேரம் எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

வண்டியை நிறுத்திவிட்டு மச்சினன் கையெழுத்துப் போட வந்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாமா, யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"எவ்வளவு தூரமாம்?"

"ஏழாயிரம் கிலோமீட்டர்னு சொன்னா."

"ஏழாயிரத்த அஞ்சு மணி நேரத்துலயா? அது பிளேனா, ராக்கெட்டா? வண்டி ஓட்டுறவன் சொல்றேன் மாமா, கணக்கு உதைக்குது." சட்டென்று அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. "ஐயோ மாமா! அந்த ஒரு மணி அந்த ஊரு மணி. அங்க நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடின்னு பாப்பா எங்கிட்ட சொன்னாளே!"

டைம்கீப்பர் விரல்விட்டு எண்ணினார். அங்கே ஒன்று என்றால் இங்கே ஐந்தரை. காலமெல்லாம் ஒரே கடிகாரத்தில் கிளம்பி அதே கடிகாரத்தில் வந்து சேரும் வண்டிகளைப் பார்த்த மனிதர், பாவம், வேறெப்படிக் கணக்குப் போடுவார்? தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். போன உயிரில் பாதி திரும்பி வந்தது. மனைவியை அழைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் அழுதாள், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்தத் திட்டு அன்று காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

மீதிப் பாதி உயிர் வர மகள் குரலைக் கேட்டாக வேண்டும். மச்சினன் வீட்டுக்குப் போகாமல் இரண்டு டீ வாங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். டீ ஆறிப்போயிற்று. ஐந்தரை மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே போன் அடித்தது.

"அப்பா, இறங்கிட்டேன்! கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோம்ப்பா."

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மச்சினன் மெமோ புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தான். "கால் மணி நேரம் முன்னாடி. அந்த பைலட்டுக்கு ஒண்ணு எழுதுங்க மாமா."

டைம்கீப்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினார்.

"அவன் வழியில யாரையும் விட்டுட்டு வரலடா, மாப்ள" என்றார். "என் பொண்ண கொண்டுவந்து சேத்துட்டான்."