சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டகம்

ஒட்டகம் மண்டையைப் போட்ட நாலாம் நாள் காலை, சரியாக ஆறு மணிக்கு, பிஸ்கட் படுக்கையறைக் காலண்டரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் சுவரில் 'கழுதை' என்று தட்டினார். தட்டி முடித்த பிறகுதான், அந்தப் பக்கம் இனிமேல் கழுதை இல்லை என்பது உறைத்தது. ஒரு வாரமாகவே ஆளில்லாத சுவர் அது. மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அவருக்குத் துக்கம் ஒன்றும் பொங்கிக்கொண்டு வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். கடைசி வார்த்தை யாருடையது என்று முடிவாவதற்குள் ஆட்டத்தைக் கலைத்துவிட்டுப் போய்விட்டான் பாவி.

இரண்டு பெயர்களும் பட்டாளம் வைத்தவை. ஒட்டகத்தின் கழுத்து அப்படி. எந்தக் கூடாரத்துக்கு வெளியே நின்றாலும் உள்ளே என்ன சமையல் என்று மேல் வழியாகவே பார்த்துச் சொல்லிவிடுவான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் அந்தத் தலையை முதலில் பார்த்தபோது, இவர்கள் புதிதாக ஆன்டெனா நட்டிருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டானாம். இருவரும் தந்தி ஆட்கள். பனி மலையில் ஒரே கூடாரத்தில், ஒரே பெட்டியின் முன்னால், மாற்றி மாற்றி உட்கார்ந்து புள்ளியும் கோடுமாகத் தட்டியவர்கள். ஓய்வு பெற்றபின் செலவு மிச்சம் என்று ஒரே சுவரைப் பொதுவில் வைத்து இரண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். அப்போது நகமும் சதையுமாக இருந்தார்கள். பேச்சு நின்ற பிறகு சுவரை இடிக்க முடியுமா? ஆகவே அதைத் திட்டப் பயன்படுத்திக்கொண்டார்கள். தினம் காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கமிருந்து 'பிஸ்கட்' என்று வரும். இந்தப் பக்கமிருந்து 'கழுதை' என்று போகும். காலண்டருக்குப் பின்னால் காரை உதிர்ந்து, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

பிஸ்கட் என்ற பெயர் வந்த கதைதான் எல்லா வினைக்கும் வேர். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கீழ் முகாமிலிருந்து மேல் முகாமுக்கு ஒரு செய்தி வந்தது: பாலம் ஆட்டம் காண்கிறது, ஆறு மணிக்குள் ஆட்களை அனுப்பி சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான். கீழே இருந்தவன் நாலு மணி நேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் வீங்கிப்போனான். ஆறு மணிக்குப் பாலம் போயிற்று. இருநூறு பேர் ஒன்பது நாள் வெறும் பிஸ்கட்டைத் தின்றார்கள். சும்மா பிஸ்கட்டா அது? அதை வைத்துக் கூடார முளை அடித்தார்கள். ஒருத்தன் கோபத்தில் ஒன்றைத் தூக்கிப் பாறை மேல் எறிய, பாறையில் கீறல் விழுந்தது. பதிவேட்டில் அந்த நேரத்துக்கு நேராக இருந்த கையெழுத்து யாருடையதோ, அவனுக்குப் பிஸ்கட் என்று பெயர் நிலைத்துவிட்டது.

கையெழுத்து இவருடையது. தூங்கியது இவர் இல்லை. அன்றைக்கு மத்தியானம் கடைவாய்ப் பல் உயிரை எடுத்ததால், கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு மருத்துவக் கூடாரத்துக்கு ஓடினார். 'நீ போடா, நான் பாத்துக்கறேன்' என்று பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவன் ஒட்டகம். அது சட்டப்படி குற்றம். ஆனால் தந்திக் கூடாரத்தில் எல்லோரும் செய்கிற குற்றம். அதிகாரி கூப்பிட்டு நிறுத்தி, 'தூங்கினியா?' என்று கேட்டபோது இவர் வாய் நிறைய ரத்தம் தோய்ந்த பஞ்சு. ஊ, ஊ என்று தலையை ஆட்டினார். அதை ஒப்புதல் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சட்டைக் கையிலிருந்த ஒரே ஒரு பதவிக் கோட்டையும் அங்கேயே பிய்த்து வாங்கினார்கள். பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்த ஒட்டகம் நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் வாயில் பஞ்சு இருந்தது சரி. அவன் வாயில் என்ன இருந்தது?

அதைக்கூட மன்னித்துத் தொலைத்திருப்பார். பிள்ளைக்குட்டிக்காரன், பயந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுஷன் அதை ஒரு கதையாகவே மேடையேற்ற ஆரம்பித்தான். சங்கக் கூட்டம், பிறந்தநாள், பஸ் நிறுத்தம், எங்கே நாலு பேர் கூடினாலும் கையைக் காலை ஆட்டி, குறட்டை விட்டுக் காட்டி, 'நம்ம பிஸ்கட் தூங்கின தூக்கம் இருக்கே' என்று ஆரம்பிப்பான். இருநூறு பேர் நானூறு பேர் ஆனார்கள். நாலு மணி நேரத் தூக்கம் மூன்று நாள் தூக்கமாக வளர்ந்தது. சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டானோ என்று இவருக்குச் சந்தேகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இவர் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அப்பாவை நிறுத்தி வைத்து அவன் குறட்டை விட்டுக் காட்டினான். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'என்ன பிஸ்கட் சம்பந்தி' என்று முதுகில் தட்டினார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவன் இல்லை. ஆகவே உண்மைக்கு வழி திறந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னாள் படைவீரர் சங்கத்தில் இரங்கல் கூட்டம். சங்கச் செயலாளர் முந்தின நாளே வந்து, முதல் பேச்சு நீங்கதான், பத்து நிமிஷம், பிஸ்கட் கதை இல்லாமல் கூட்டம் சப்பென்று இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிஸ்கட் பத்து நிமிஷப் பேச்சை ஏழு தடவை எழுதி, ஆறு தடவை கிழித்து, ஏழாவதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதன் கடைசி வரி: எனக்கு வாயில பஞ்சு இருந்தது, அவனுக்கு என்ன இருந்தது? அந்த வரியைச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, இறங்கி வந்துவிடுவதாகத் திட்டம். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடிப்பதைக்கூட ஒத்திகை பார்த்தார்.

அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவரோட சண்டை போட்டா ஜெயிக்கிறது சுலபந்தான்," என்றாள்.

"உயிரோட இருந்தப்போ அவன் வாயை மூடினானா?"

"அவர் உயிரோட இருந்தப்போதான் உங்களுக்கு முட்டி வலி ஆச்சே."

போன வாரம் ஒட்டகத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மூன்று நாளும், அவன் மனைவி தினம் ஒரு தடவை ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: அண்ணனை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க. முட்டி வலி, படி ஏற முடியாது என்று இவர் பதில் அனுப்பினார். பதில் அனுப்பிய கையோடு ஏணி வைத்து மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி மிதவையைக் கழற்றி மாட்டினார். வேண்டுமானால் அவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும். நாற்பத்து மூன்று வருஷம் பொறுத்தவருக்கு இன்னும் நாலு நாள் பொறுக்க முடியாதா? முடிந்தது. ஒட்டகத்தால்தான் முடியவில்லை.

பதினோரு மணி வாக்கில் பக்கத்து வீட்டுக்காரி, ஒட்டகத்தின் மனைவி, வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் தலையை அழுத்தி வாரியிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையில் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் உறை ஒன்று இருந்தது.

"அண்ணே, சாயங்காலம் அந்தப் பிஸ்கட் கதையச் சொல்லுங்க. அவர் சொல்ற மாதிரியே, குறட்டையெல்லாம் விட்டு. அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

இவருக்கு உச்சந்தலையில் பொசுங்கியது. "ஏம்மா, அந்தக் கதையில தூங்கினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"அது ஊருக்கே தெரியுமேண்ணே," என்றாள் அவள், ஆறுதலாக. ஏதோ இவர் தூங்கியதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டது மாதிரி.

சட்டைப்பையில் இருந்த காகிதத்தை அங்கேயே எடுத்துப் படித்துவிடலாமா என்று கை துடித்தது. அதற்குள் அவள் உறையைத் திருப்பி மேஜை மேல் வைத்தாள். பின்பக்கம் முழுக்கப் பேனாவால் கோடும் புள்ளியும்.

கடைசி மூன்று நாளும் அவர் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் வலது கை மட்டும் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது என்று சொன்னாள். நர்ஸ் அதை நடுக்கம் என்று நினைத்து ஊசி போட்டாளாம். ஊசிக்கும் அடங்கவில்லையாம். நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், நாற்பத்தாறு வருஷம் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்றாள். காதால் கேட்டதைக் கேட்டபடி, நீளமாக வந்தால் கோடு, குட்டையாக வந்தால் புள்ளி என்று உறையில் இறக்கி வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாருண்ணே? படிக்க உங்கள விட்டா ஆள் இல்ல."

பிஸ்கட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். நாற்பத்து மூன்று வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் அதில் இருந்துவிடக் கூடாதா? தூங்கினது நான்தான்டா என்று ஒரே ஒரு வரி. அந்தக் கோடுகளின் நீளத்தைப் பார்த்தாலே ஒட்டகத்தின் கை தெரிந்தது. அவன் ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் மற்றவன் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு வரி படித்தார். அடுத்த வரியும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். உறையின் அடிவரைக்கும் வேறு எதுவும் இல்லை.

மூன்று எழுத்து. பனி மலையில் அவர்கள் கூடாரத்தின் அழைப்புக் குறி. அதைத் தொடர்ந்து நீளம், குட்டை, நீளம்: நீ பேசு. மறுபடி அழைப்புக் குறி. மறுபடி, நீ பேசு. தந்தி ஆள் எதிர்முனையைக் கூப்பிட்டு, பதில் வராதபோது, பதில் வரும்வரை செய்கிற ஒரே காரியம். விசாரணையில் கீழ் முகாமின் பதிவேட்டை வாசித்தபோது பக்கம் பக்கமாக இதுவேதான் இருந்தது. எதிர்முனையில் ஆள் தூங்கும்போது வருகிற செய்தி. அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் கட்டிலில் கிடந்து தட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தர் மொட்டை மாடியில் மிதவையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கழுதைன்னு திட்டியிருக்கான்மா," என்றார்.

"இல்லண்ணே. கழுதை எனக்குத் தெரியும்."

அவள் விரல் நகத்தால் மேஜையில் தட்டினாள். ஒரு புள்ளி பிசகாத, கோணல் இல்லாத, பயிற்சிப் பள்ளியில் முதல் மார்க் வாங்குகிற கழுதை.

"பதினோரு வருஷமா அந்தச் சுவத்துல சாஞ்சுதான் காலையில காப்பி குடிக்கிறேன். இது அது இல்ல."

"கூப்பிட்டிருக்கான்."

"யாரை?"

பிஸ்கட் உறையை மடித்தார். மடிக்கக் கூடாது என்று பிரித்தார். கதவோரம் நின்றிருந்த மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குச் சங்க மண்டபம் நிரம்பிவிட்டது. மேடையில் ஒட்டகத்தின் சீருடைப் படம். கழுத்து சட்டத்துக்குள் அடங்காமல் தொப்பியின் மேல்பாதியை வெட்டியிருந்தார்கள். செயலாளர், நம்ம பிஸ்கட் இப்போது பேசுவார் என்றதுமே நாலைந்து பேர் குறட்டை விட்டுச் சிரித்தார்கள். செத்த வீட்டுச் சிரிப்பு, கொஞ்சம் ஈரமாக. பிஸ்கட் மேடையேறினார். மூன்றே படி. ஒவ்வொன்றிலும் முட்டி நிஜமாகவே வலித்தது. அதற்கும் ஒட்டகத்தையே திட்டிக்கொண்டார்.

காகிதத்தை எடுத்தார். பாலத்தைச் சொன்னார், பல்லைச் சொன்னார், பஞ்சைச் சொன்னார். பல்லும் பஞ்சும் கதைக்குப் புதுசு. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. இனி ஒரே ஒரு வரி. முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி, உறையை மடியில் வைத்துக்கொண்டு, இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். படத்துக்குள்ளிருந்து ஒட்டகம் வழக்கம்போல இவரைப் பார்க்காமல் நேரே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என்ன கொழுப்பு இருந்தால் அந்த மூன்று எழுத்தை அனுப்புவான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தட்டினால் கை முறிந்துவிடுமா? வேண்டுமென்றே செய்திருக்கிறான். நாற்பத்து மூன்று வருஷம் பொய்யாகச் சொன்னதை, போகிற போக்கில் நிஜமாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

"தூங்கினது நான்தான்," என்றார் பிஸ்கட்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தெரியுமய்யா என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"சிரிக்காதீங்க. நிஜமாவே தூங்கினேன். மூணு நாள்."

மூன்று நாள் என்றதும் கூட்டம் இன்னும் கொண்டாட்டமாகிவிட்டது. ஒட்டகத்தின் கணக்கையே பிஸ்கட்டும் ஒத்துக்கொண்டுவிட்டாரே! செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காத முகங்கள் இரண்டுதான். ஒன்று கடைசி வரிசையில் இருந்த அவர் மனைவியுடையது. இன்னொன்று முன்வரிசையில் இருந்தது. அந்த முகம் உறையைப் பார்த்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தது.

பிஸ்கட் காகிதத்தைப் பைக்குள் திணித்தார். தண்ணீரைக் குடிக்க மறந்தார். ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையாமல், எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல். விரல் முட்டியை மடக்கி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மேஜைப் பலகையில் கழுதை என்று தட்டினார். மண்டபத்துச் சுவரெல்லாம் அது மோதித் திரும்பி வந்தது. பிறகு நீளம், குட்டை, நீளம்: நீ பேசு.

விரலை எடுக்காமல் நின்றார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில், இரும்பு நாற்காலியின் கைப்பிடியை நோக்கி ஒரு விரல் நகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.