பன்னிரண்டாம் அத்தியாயத்துச் சண்டை

"என்னதான் இருக்கு அந்தப் புஸ்தகத்துல? எனக்கும்தான் கொஞ்சம் படியேன்," என்றான் கணவன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி. வெல்டிங் பட்டறையில் இரும்புத் துகள் தெறித்து வலக்கண்ணில் அறுவைசிகிச்சை. இடக்கண்ணும் அசையக் கூடாதென்று இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியுமாம்.

அவளுக்கு உடம்பெல்லாம் அசதி. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. லீவு கிடைத்தால் தன் நாவலை எழுதி முடித்துவிடலாம் என்று வருஷக்கணக்கில் ஏங்கியவளுக்குக் கிடைத்த லீவு இப்படி. திட்டமெல்லாம் பக்கா. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தாள். யார் எங்கே அழுகிறார்கள், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மனைவி என்ன சொல்லிச் சண்டை போடுகிறாள், எல்லாம் இருந்தது. உயிர்தான் இல்லை. எழுதிய பக்கங்கள் அவள் தினமும் அடிக்கும் சுற்றறிக்கை மாதிரியே இருந்தன.

கையிலிருந்த நூலகத்து நாவலை வாய்விட்டுப் படித்தாள். கண்ணால் படிக்கும்போது ஓடிவிடலாம், வாயால் முடியாது. எழுதியவர் எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது தொண்டைக்குத் தெரிந்தது. வேலை போன ஒருவன் காலையில் சட்டையை இஸ்திரி போடுகிறான். பிறகு அதை மடித்து மறுபடி உள்ளே வைக்கிறான். அவ்வளவுதான், துக்கம் என்ற சொல்லே கிடையாது. "பாவம்டா," என்றது கட்டில். இந்த மனுஷன் தூங்கியிருப்பான் என்று நினைத்திருந்தாள்.

அந்தப் புத்தகம் முடிந்த மதியம் நல்ல மழை. நூலகம் போக முடியவில்லை.

"அடுத்தது என்ன?"

"யாரோ புதுசா எழுதினது," என்று தான் எழுதிய நாவல் பக்கங்களை எடுத்தாள்.

படிக்கப் படிக்க அவளுக்கே அலுத்தது. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் ஒரு விளக்கம். பன்னிரண்டாம் அத்தியாயத்துச் சண்டை வந்தது. கதையின் மனைவி இத்தனை வருஷத்தையும் இரண்டு பக்கத்துக்குக் கொட்டினாள். கட்டிலில் கிடந்த கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நிறுத்து. இவ இவ்வளவு பேசமாட்டா."

"ஏன்?"

"பேசுறவளா இருந்தா எப்பவோ பேசியிருப்பா. இவ வாயே திறக்காம துணி மடிக்கிறவ." தலையணையை முதுகுக்கு இழுத்துக்கொண்டு கேட்டான். "வீட்டை விட்டுப் போறாளா?"

"தெரியல, இன்னும் எழு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரிக்கவில்லை. "அவ புருஷன் ஈரத்துண்டைக் கட்டில்ல போடுறான், பேசிட்டிருக்கும்போதே தூங்குறான். எங்கேயோ பார்த்த ஆளாச்சேன்னு இருந்துச்சு."

"கதைதாங்க."

"கதைதான். நான் என்ன சொன்னேன்?" போர்வை நுனியை இழுத்து இழுத்து விட்டான். "அவனுக்கும் ஒரு வார்த்தை குடேன். மரக்கட்டையாட்டம் நிக்கிறான்."

அவளுக்குச் சுருக்கென்றது. காலண்டர் தாள்களில் எல்லோருக்கும் வசனம் வைத்திருந்தாள். அந்தக் கதைக் கணவனுக்கு மட்டும் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவே இல்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் பென்சிலால் குறுக்கே அடித்தாள். கோபம் வரவில்லை, பாரம் இறக்கிய களைப்புதான் வந்தது.

"என்ன சொல்வான் அவன்?" என்று கேட்டாள்.

அவள் குரல் வந்த பக்கம் அவன் முகத்தைத் திருப்பினான். வெளியே மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்குக் கீழே அவன் உதடுகள் ஏதோ ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பதுபோல் அசைந்தன. அவள் பென்சில் முனையைத் தாளில் வைத்தபடி இருந்தாள்.