பதினெட்டாம் மாதப் பரிசோதனை

பாஸிலாவுக்கு ஒன்றரை வயது நிறைந்த திங்கட்கிழமை, வெளிச்சம் வருவதற்குள் ஆசாத் குளித்து, தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அன்று குழந்தைக்கு முடிவான எச்.ஐ.வி. பரிசோதனை. இதற்கு முன் மூன்று முறை பார்த்ததில் கிருமி இல்லை. இதிலும் இல்லையென்றால் பயமே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் மனைவி ஷாஹினாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. முதல் கணவரிடமிருந்து வந்தது. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, எல்லாம் தெரிந்தே ஆசாத் அவளை நிக்காஹ் செய்தான். அவள் ஒருநாளும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுத்தான் பிள்ளை பெற்றார்கள். பிறந்ததும் பாஸிலாவுக்கும் ஆறு வாரம் மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை சோதித்துக்கொள்ளும் ஆசாத்துக்கு இன்றுவரை தொற்று இல்லை.

குழந்தைக்குக் கொடுத்த அந்த மருந்தைப் பார்த்துத்தான் ஆசாத்தின் அக்கா சர்புன்னிசாவுக்கு விஷயம் தெரிந்தது. பேகம்பூரில் ஒரே வீட்டில் இருந்தும், அதன்பின் அவள் பிள்ளையைத் தூக்கவே இல்லை. அவள்தான் அன்று புர்கா மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வாரேன்.”

“நீ எதுக்குக்கா?”

“நீ இருக்குற இருப்புக்கு ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லவே வராது. நட.”

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதிக்கும் நம்பிக்கை மையத்தில் ஊசியைக் கண்டதும் பாஸிலா போட்ட கூச்சலில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அரைமணி நேரத்தில் ஆலோசகர் ஐரின் அவர்களை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்திலேயே சிரிப்பு இருந்தது.

“நெகட்டிவ். பாப்பாவுக்கு இல்ல.”

“இன்னொருக்கா சொல்லுங்க மேடம்,” என்றான் ஆசாத்.

சொன்னார். அவன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினான். ஷாஹினா “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் நின்ற சர்புன்னிசா, “எனக்கும் பாத்துருங்க” என்றாள்.

“ஒரே வீட்டுல இருந்தா, சேந்து சாப்பிட்டா, பிள்ளையத் தூக்குனா இது வராதும்மா,” என்றார் ஐரின். “வேற ஏதாவது பயம் இருக்கா? இவங்கள வெளிய இருக்கச் சொல்லவா?”

“இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு பதினோரு வருசம் வெளிநாட்டுல இருந்தாரு. வந்த ரெண்டாம் வருசம் காய்ச்சல் காய்ச்சலா வந்து மவுத்தாயிட்டாரு. என்னன்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல.”

ஆசாத்துக்கு அக்கா யாரோ போலத் தோன்றினாள். கணவர் இறந்த இந்தப் பன்னிரண்டு வருடமாக அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷாஹினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எப்படித்தான் இதத் தாங்குனியோ,” என்றாள் சர்புன்னிசா.

“உங்களுக்கு இருந்தாலும் மாத்திரை இருக்கு மதினி. நான் இருக்கேன்ல, உங்க முன்னாடி?”

பாஸிலா யாரையும் கேட்காமல் பெஞ்சில் ஏறி, சர்புன்னிசாவின் மடியில் உட்கார்ந்து புர்காவின் பொத்தானைத் திருக ஆரம்பித்தாள். அவள் விலக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

சர்புன்னிசாவுக்கும் இல்லை. சீட்டைக் கையில் வாங்கியவள் சற்று நேரம் அழுதாள். பிறகு அங்கேயே ஷாஹினாவிடம், “பயத்துல உன்னயத்தான் ஒதுக்கி வச்சேன். மனசுல வச்சுக்காத புள்ள” என்றாள். ஷாஹினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

படி இறங்கப்போன சர்புன்னிசா திரும்பி ஐரினிடம் போனாள்.

“எங்க தெருவுல ரெண்டு பேரு வீட்டுக்காரரும் வெளிநாடுதான். கூட்டிட்டு வரவா?”

“அவங்களா விருப்பப்பட்டு வந்தா கூட்டிட்டு வாங்க. காசு கிடையாது. யாருக்கும் சொல்லவும் மாட்டோம்.”

வியாழக்கிழமை காலை அவள் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பெண்களோடு மருத்துவமனை வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.