மாடிப்படிக்குக் கீழே நிலப்பனை

“இதுக்கு வெயில் காட்டிராத, ஐரின். நிலப்பனை காட்டுல மரத்தடியில வளர்றது.”

“பனைன்னு பேரை வச்சுக்கிட்டு வெயில் ஆகாதாக்கும்?”

“இலை பனங்கன்னு மாதிரி இருக்கும், அம்புட்டுத்தான். நான் வர்ற வரைக்கும் பாத்துக்குவேல்ல?”

“பிள்ளைய விட்டுட்டுப் போற மாதிரி பேசுறீங்க. பாத்துக்கிறேன், போயிட்டு வாங்க.”

கணவன் ஜூடு போன தடவை மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று பேசிய பேச்சு ஐரினுக்கு வரி மாறாமல் நினைவிருந்தது. இப்போது பார்த்தால், வில்லாபுரம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அதே பூந்தொட்டியில், மண்ணை ஒட்டி மஞ்சளாய் ஒரு பூ விரிந்திருந்தது.

பூக்க வழியே இல்லை. ஜூடு கொடுத்த செடி கோடையிலேயே இலை சுருண்டு காணாமல் போய்விட்டது. கைராசி இல்லாதவள் என்று நினைத்துவிடுவானோ என்று பயந்து, சமயநல்லூர்க் கண்மாய்க் கரையிலிருந்து ஒரு பனங்கன்றைத் தோண்டி வந்து அந்த இடத்தில் நட்டுவிட்டாள். அதைத்தான் படமெடுத்துப் படமெடுத்து அனுப்பினாள். “நல்லாருக்கு” என்று அவனும் பதில் போட்டான். இப்போது லீவில் வந்திருப்பவன் தொட்டியைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

பனங்கன்று பூக்குமா? அதுவும் இத்தனூண்டு இருக்கும்போதே? பக்கத்தில் இன்னொரு இலைக்கொத்து வேறு. எது அவள் நட்டது, எது தானாக வந்தது? கணக்கு டீச்சரான ஐரினுக்குக் குனிந்து பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை ஜூடு மறுபடி மஸ்கட்டுக்குப் போகிறான். பெட்டி பாதி அடுக்கியபடி உள்ளே கிடந்தது. போக வேண்டாம் என்று சொல்ல, போன தடவையே வாயெடுத்தாள், வரவில்லை. இந்தத் தடவையும் வரவில்லை. ஒரு செடியைக் காப்பாற்றத் துப்பில்லாதவள் எந்த முகத்தோடு கேட்பது?

“பூத்துருச்சா?” டீத் தம்ளரோடு பின்னால் வந்து நின்றான் ஜூடு.

“இது நீங்க குடுத்தது இல்லங்க. அது செத்துப்போச்சு. இது பனங்கன்னு.”

“தெரியும். முதப் படத்துலயே தெரியும்.” குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை விரலால் விலக்கினான். “ஆனா பூத்திருக்கது நான் குடுத்தது. கோடையில இலை காஞ்சிரும், கிழங்கு உள்ள கிடக்கும். மழைக்கு எந்திரிச்சிருச்சு. டீச்சரோட பனை இந்தா, இது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அம்புட்டு ஆசையா படம் அனுப்புன. சரி, ஒரு பனைமரமும் சேர்ந்து வளரட்டும்னு விட்டுட்டேன்.” சிரித்தான். “நீயாச்சும் செடி காஞ்சப்ப என்னன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

ஐரின் அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கிப் படியில் வைத்தாள்.

“போகாதீங்க,” என்றாள். “இங்கயே இருந்துருங்க.”