வலிச்சா விட்டுடணும்

மாவுக்கட்டைப் பிரித்தபோது பேருந்து ஓட்டுநரின் வலது முழங்கை எழுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. ஸ்டீயரிங் பிடிக்க நூற்றுப்பத்து வேண்டும். பணிமனை மருத்துவரின் சோதனைக்கு ஆறு வாரம். தேறாவிட்டால் வேலை போய்விடும்.

பிசியோதெரபி அம்மா கோணமானியை மடக்கி வைத்தார்.

"நீங்களே மெதுவா மடக்குங்க. இறுக்கம் தெரியுற இடத்துல நிறுத்தி முப்பது எண்ணுங்க. வலிச்சா விட்டுடணும். ரப்பர் பட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வேற யாரும் கையை இழுக்கக் கூடாது."

"வலிக்காம எப்படி மேடம் சரியாகும்?"

"வலிச்சா சரியாகாது."

அதை அவர் நம்பவில்லை. ஆனாலும் எண்ணினார். மூன்று வாரத்தில் எண்பத்தைந்து.

மனைவியின் தம்பி மூட்டை தூக்குபவன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமா, ஒண்ணாங்கிளாஸ் மாதிரி எண்ணிக்கிட்டு? துருப்பிடிச்ச கீலுக்குத் தாலாட்டா பாடுவாங்க?"

அவர் காலண்டரைப் பார்த்தார். துண்டை உருட்டினார்.

"நான் கத்தினாலும் விடாதே மாப்ளே."

துண்டைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தார். உள்ளே ஏதோ நறநறவென்றது.

நான்காம் நாள் நூறு. மச்சினன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான். அடுத்த வாரம் முழங்கை வீங்கிக் கொதித்தது. அவர் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். சிகிச்சைக்குப் போகாமல் சாக்குச் சொன்னார். மாலையானால் துண்டைத் தேடினார். கை எழுபதுக்குத் திரும்பியது. பிறகு அறுபது.

சோதனைக்கு முந்தின நாள் போனார். பிசியோதெரபி அம்மா சட்டைக்கையை ஏற்றிவிட்டு விரலால் அழுத்தினார். தசைக்குள் கல் மாதிரி ஒன்று. எக்ஸ்ரேயிலும் அது வெள்ளையாகத் தெரிந்தது.

"யாரு இழுத்தது?"

"யாருமில்ல. நானேதான்."

"ஒத்தக் கையால இவ்வளவு முடியாதுங்க." அவர் குரல் உயரவில்லை. "கிழிஞ்ச தசைக்குள்ள எலும்பு வளருது. இனி தொடக் கூடாது. அது முத்தினப்புறம்தான் வெட்டி எடுக்கலாமான்னு பாப்பாங்க. வருஷமாகலாம்."

மாலையில் மச்சினன் சட்டைக்கையை மடித்துக்கொண்டே வந்தான்.

"நாளைக்குப் பரீட்சை! எத்தனை மாமா?"

அவர் டீயை வலது கையில் எடுத்தார். டம்ளர் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. கழுத்தை நீட்டினார். எட்டவில்லை.

"கொக்கு மாதிரி..." என்று சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தினான். மடித்த சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டான்.

"நானா மாமா?"

கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதில் பல் தடம்.

"உட்காரு மாப்ளே," என்றார். டம்ளரை இடது கைக்கு மாற்றினார்.